மாதம் 3,000 ரூபாயில் பால், முட்டை, கறி இல்லாமல் சாப்பிட முடியுமா?

அம்பத்தூர் அறைவாசி | டிசம்பர் 1, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். வயது 24, எடை 60 கிலோ. சம்பளம் 17,500. வீட்டுக்கு 8,000 அனுப்புகிறேன், அறை வாடகையில் என் பங்கு 2,500. சாப்பாட்டுச் செலவு 3,000-ஐத் தாண்டினால் மாதக் கடைசியில் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது.

ஐந்து மாதமாகக் கறி, மீன், முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. ஊரில் எங்கள் மாடு கன்று போட்டது, காளைக்கன்று. மூன்றாவது வாரம் அதை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி முழுக்கத் தாய்மாடு கத்திக்கொண்டே இருந்தது. காலையில் அம்மா காபித் தம்ளரைக் கையில் கொடுத்தார். வாங்கினேன், குடிக்க முடியவில்லை. அவ்வளவுதான். இதைச் சரி தவறு என்று பேச நான் வரவில்லை. எனக்கு இனி முடியாது.

முதலில் வீடியோக்களைப் பார்த்து பாதாம் பால், ஓட்ஸ், டோஃபு என்று வாங்கினேன். பாதாம் பால் ஒரு லிட்டர் 280 ரூபாய். இரண்டாவது மாதச் செலவு 6,000-ஐத் தொட்டது, நிறுத்திவிட்டேன். இப்போது காலையில் இட்லி, ராத்திரி எலுமிச்சைச் சாதம் அல்லது சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. மதியம் கம்பெனி கேன்டீனில் 10 ரூபாய்க்குச் சோறு, சாம்பார், ஒரு பொரியல். மோரும் உண்டு, நான் வாங்குவதில்லை.

வயிறு நிறையச் சாப்பிட்டும் பதினொரு மணிக்கே பசிக்கிறது. மெஷின் முன்னால் நிற்கும்போது கால் தளர்கிறது. அறையில் மூன்று பேர். இண்டக்‌ஷன் அடுப்பு, 3 லிட்டர் குக்கர், மிக்சி இருக்கின்றன. ஃபிரிட்ஜ் கிடையாது. என்ன செய்யலாம்?

மோகனூர் ரோடு | டிசம்பர் 1, இரவு 11.25

தம்பி, உங்கள் மனசு புரிகிறது. நான் நாமக்கல் பக்கம், கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் வளர்ந்தவன், அதனால் கேட்கிறேன். முட்டை ஒன்று 7 ரூபாய். 6 கிராம் புரதம், அதுவும் உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்கிற புரதம். கையில் காசு குறைவாக இருக்கும்போது முட்டையை விடுவது உங்களை நீங்களே வருத்திக்கொள்வது மாதிரி எனக்குத் தோன்றுகிறது. பாலை விட்டதோடு நிறுத்தியிருக்கலாமே?

களிக்கிண்டி | டிசம்பர் 2, காலை 6.10

தம்பி, நான் தருமபுரி. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் பால், முட்டை, கறி இல்லை. பிள்ளைகளுக்குப் பால் நெஞ்சில் சளியாகச் சேர்கிறது என்று நம்பி முதலில் நிறுத்தினோம், பிறகு அப்படியே பழகிவிட்டது. வீட்டு வருமானம் பெரிதில்லை, அதனால் உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். உங்கள் தட்டில் பருப்பு இல்லை. சாம்பார் இருக்கிறதே என்பீர்கள். மூன்று பேருக்குச் சாம்பார் வைக்கும்போது எவ்வளவு துவரம்பருப்பு போடுகிறீர்கள்? ஒரு சின்ன டீத்தம்ளர் அளவு, 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 22 கிராம் புரதம். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 7 கிராம். மிச்சமெல்லாம் புளித்தண்ணீர், காய், பொடி. கேன்டீன் சாம்பார் இன்னும் நீர்க்க இருக்கும். நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிட்டால் அதில் 28 கிராம் போல வரும். ஆக மொத்தம் 35. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். பதினைந்து கிராம் தினமும் குறைகிறது. பதினொரு மணிப் பசி அங்கேயிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். பசிக்கும்போது இன்னும் இரண்டு இட்லி சேர்த்துச் சாப்பிடுவீர்கள், அது ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும்.

அந்தப் பதினைந்து கிராமை வாங்க எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். எங்கள் ஊர்க் கடையில் கொள்ளு கிலோ 90. 70 கிராம் கொள்ளு 6 ரூபாய் 30 காசு, அதில் 15 கிராம். நிலக்கடலை 60 கிராம் எடுத்தாலும் அதே 15 கிராம், 8 ரூபாய் போல ஆகும். மாதத்துக்கு 250 ரூபாய்கூட ஆகாது. ஒரு லிட்டர் பாதாம் பால் வாங்கிய காசு.

மோகனூர் அண்ணனுக்கும் இதையே சொல்கிறேன். 7 ரூபாய்க்குக் கருப்புக் கொண்டைக்கடலை 70 கிராம் வரும், 13 கிராம் புரதம். மீல்மேக்கர் என்றால் 45 கிராம் வரும், அதில் 23. காசுக்காக முட்டை சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை.

அதனால் பருப்பைக் குழம்பில் தேடாமல் தனியாகத் தட்டில் வையுங்கள். இன்று ராத்திரி ஒரு கைப்பிடி கொள்ளோ கடலையோ ஊறப்போடுங்கள். காலையில் குக்கரில் உப்புப் போட்டு நான்கு ஐந்து விசில். கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சுண்டலாக டப்பாவில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். பத்தரை மணி டீ இடைவேளையில் சாப்பிடுங்கள். ஒரு வாரம் செய்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

மோகனூர் ரோடு | டிசம்பர் 2, காலை 9.50

அக்கா, விலைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பருப்புப் புரதமும் முட்டைப் புரதமும் ஒன்றா?

களிக்கிண்டி | டிசம்பர் 2, பகல் 1.15

ஒன்று இல்லை அண்ணா. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் லைசின் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளில் இரண்டும் உள்ளே போனால் போதும். இட்லியில் உளுந்தும் அரிசியும், அடையில் நாலு பருப்பும் அரிசியும், வெண்பொங்கலில் பாசிப்பருப்பு. பெயர் தெரியாமலே இதையெல்லாம் செய்துவந்திருக்கிறோம். முட்டையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் செரிக்கும் என்பதற்காக அளவைக் கூட்டி வைத்துக்கொண்டால் சரி.

கீழப்பாவூர் | டிசம்பர் 2, மாலை 5.30

நெல்லைப் பக்கத்து உளுந்தம்பருப்புச் சோறு செய்து பாருங்கள் தம்பி. இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு தோல் உடைத்த கருப்பு உளுந்து, தேங்காய்த் துருவல், பூண்டு, வெந்தயம், சுக்கு. உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசியோடு சேர்த்துக் குக்கரில் மூன்று விசில். கூட எள்ளுத் துவையல். ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும், அறைக்கு ஏற்ற சமையல். தேங்காய் விற்கும் விலைக்கு அரை மூடி போதும்.

கஞ்சிக் கலயம் | டிசம்பர் 3, காலை 7.00

எல்லோரும் கிராம் கணக்கு போடுகிறீர்கள். என் பாட்டி 91 வயது வரை இருந்தார். பழைய சோறு, சின்ன வெங்காயம், கம்மங்கூழ், கீரை. மாத்திரை என்று ஒன்று அவர் வாயில் போனதில்லை. பழைய சோற்றில் பி12 வைட்டமின் ஊறுகிறது என்கிறார்கள். இயற்கையாகச் சாப்பிடுகிறவனுக்கு மாத்திரை எதற்கு? தம்பி, யாராவது வந்து பி12 வாங்கச் சொல்வார்கள். ஏமாந்துவிடாதீர்கள்.

ரத்தப் பரிசோதகர் | டிசம்பர் 3, இரவு 8.45

கலயம் அண்ணா சொல்வதை நான் மறுத்தே ஆக வேண்டும், மன்னிக்கவும். மதுரையில் பரிசோதனைக் கூடத்தில் 14 வருடம் வேலை பார்த்தவன்.

உங்கள் பாட்டி பழைய சோற்றை எதை ஊற்றிக் குடித்தார்? மோர் ஊற்றித்தானே? எங்கள் பாட்டியும் அப்படித்தான். கூடவே எப்போதாவது கருவாடு, வாரச்சந்தை அன்றைக்கு மீன். பி12 அந்த மோரிலும் கருவாட்டிலும் இருந்தது. கம்பும் கீரையும் கூழும் நம் பழைய சாப்பாடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாலையும் மோரையும் சேர்த்து அறவே விடுவது நம் பாட்டிகள் செய்தது கிடையாது. அது புதிது. அந்தப் புது இடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை அடைத்துத்தான் ஆக வேண்டும்.

பி12-ஐ உண்டாக்குவது பாக்டீரியாக்கள். செடிகொடிகளால் அதைச் செய்ய முடியாது. பழைய சோறு, இட்லி மாவு எதையும் அதற்காக நம்பியிருக்க முடியாது. ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் பி12 மாதிரி தோற்றமளிக்கும் வேறு பொருள், உடம்புக்குப் பயன்படாது.

என் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சாமியாரின் பேச்சைக் கேட்டுப் பாலையும் விட்டார். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் தாங்கும், அதனால்தான் ஆரம்பத்தில் எல்லோருக்கும் நன்றாக இருப்பதாகவே தெரிகிறது. நாலாவது வருடம் செருப்பு காலிலிருந்து கழன்று விழுவது அவருக்குத் தெரியவில்லை. ஒன்றைத் தெருவில் விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நிற்பார். பாதம் மரத்துப் போயிருந்தது. நாக்கு வழவழவென்று சிவந்து கிடந்தது. முதலில் காட்டிய இடத்தில் சர்க்கரை இருக்கும் என்று சொல்லி மாதக்கணக்கில் அலையவிட்டார்கள். கீரை நிறையச் சாப்பிடுவார், அதில் இருக்கும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை வெளியே காட்டாமல் மறைத்துவிட்டது. கடைசியில் பி12 பார்த்தபோது அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, ஒன்றரை வருடத்தில் தேறினார். இடது கால் பெருவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது.

தம்பி, ஒரு நாளைக்கு வேண்டியது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ரேஷன் அரிசியில் கலந்துவந்த செறிவூட்டிய மணியில் இரும்பு, ஃபோலிக் அமிலத்தோடு பி12-உம் உண்டு. பிளாஸ்டிக் அரிசி என்று வதந்தி கிளம்பி வீட்டுக்கு வீடு பொறுக்கிப் போட்டார்களே, அதே மணிகள்தான். யாரும் பொறுக்கி எறியாதீர்கள். ஆனால் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் அளவில்தான் பி12 சேர்த்தார்கள், பாலையும் விட்டவருக்கு அது போதாது.

மாத்திரையாக எடுக்கும்போது உடம்பு அதில் கொஞ்சம்தான் இழுத்துக்கொள்ளும், அதனால் அளவு பெரிதாகத் தெரியும். வாரத்துக்கு மொத்தம் 2,000 மைக்ரோகிராம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், முடிந்தால் ஒருமுறை ரத்தத்தில் அளவும் பார்த்துவிடுங்கள். மெத்தில்கோபாலமின் (பி12-இன் ஒரு வடிவம்) என்று கேட்டால் கடையில் பலதும் சேர்ந்த கேப்சூலைத்தான் நீட்டுவார்கள். அது விலையும் அதிகம், மேலுறை ஜெலட்டினாகவும் இருக்கும், அது மாட்டெலும்பு, தோலிலிருந்து வருவது. பி12 மட்டும் உள்ள சாதாரண மாத்திரையாகக் கேளுங்கள். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் விசாரியுங்கள், விலை பாதிக்கும் கீழே இருக்கும்.

கஞ்சிக் கலயம் | டிசம்பர் 4, காலை 6.50

மோர் ஊற்றித்தான் குடித்தார். வீட்டில் மாடு இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை. அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறாரா?

ரத்தப் பரிசோதகர் | டிசம்பர் 4, காலை 7.30

நன்றாக இருக்கிறார். இன்னும் பால் தொடுவதில்லை, மாத்திரையை மட்டும் ஞாயிறும் வியாழனும் விடுவதில்லை.

யாழ் மரக்கறி | டிசம்பர் 5, இரவு 9.20

யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்களுக்குப் பருப்பு என்றால் மைசூர்ப் பருப்பு. வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான், 2022-இல் விலை ஏறியபோது ஒரு நேரக் கறிக்கே யோசிக்க வேண்டியிருந்தது. அப்போது கைகொடுத்தது பயறும் கௌபியும் (உங்கள் தட்டைப்பயறு) குரக்கன் மாவும்தான் (உங்கள் கேழ்வரகு). காலையில் அவித்த பயறு, தேங்காய்ப்பூ, கட்டைச் சம்பல். பிறகு விலை இறங்கியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தம்பி, குரக்கன் மாவில் புட்டு அவியுங்கள், களியைவிட இலகு. சோயாமீற்றை (உங்கள் மீல்மேக்கர்) கொதிநீரில் போட்டு, இரண்டு தரம் நன்றாகப் பிழிந்து நீரை ஊற்றிவிடுங்கள். அந்த வாடை போனால்தான் கறி ருசிக்கும்.

அம்பத்தூர் அறைவாசி | டிசம்பர் 9, இரவு 10.15

களிக்கிண்டி அக்கா, ஒரு வாரம் சுண்டல் கொண்டுபோனேன். பதினொரு மணிப் பசி போய்விட்டது. முதல் இரண்டு நாள் வயிறு உப்பியது, மூன்றாம் நாளிலிருந்து சரியாகிவிட்டது. இதை நான் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு சந்தேகங்கள். அறை நண்பன் ஒருவன் மீல்மேக்கர் ஆண்களுக்கு ஆகாது, ஹார்மோன் கெடும் என்று பயமுறுத்துகிறான். இன்னொன்று, சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம், எனக்குத் தயிர்ச்சாதம் வேண்டும். கறியை ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் ராத்திரி கடைசிக் கவளம் தயிர் இல்லாமல் சாப்பாடு முடிந்த மாதிரியே இல்லை.

ரத்தப் பரிசோதகர் | டிசம்பர் 9, இரவு 11.00

சாப்பாட்டு அளவில் சோயா எடுத்தால் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைவதாக மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் தெரியவில்லை. வாரம் இரண்டு மூன்று நாள் தாராளமாகச் சாப்பிடுங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் அதையும் சோயாவையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் இடைவெளி விட வேண்டும்.

நொய்யல்கரை | டிசம்பர் 10, காலை 11.30

தயிருக்கு நான் வழி சொல்கிறேன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் ஆறு வருடமாகக் கடலைத் தயிர்தான்.

பச்சை நிலக்கடலை 200 கிராம், 27 ரூபாய் ஆகும். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை மாற்றிக் கையால் தேய்த்தால் தோல் மிதந்து வரும். தோல் முழுக்கப் போக வேண்டும், இல்லாவிட்டால் தயிர் கசக்கும், நிறமும் மங்கும். மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வெண்ணெய் மாதிரி அரையுங்கள். மொத்தம் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர். பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். அந்தச் சக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடை மாவிலோ பொரியலிலோ தேங்காய்க்குப் பதிலாகப் போடலாம்.

பாலைச் சின்னத் தீயில் காய்ச்சுங்கள், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பொங்கி வந்ததும் இன்னும் ஐந்து நிமிடம். இறக்கி, விரலை விட்டால் இதமான சூடு தெரிகிற வரை ஆறவிடுங்கள். முதல் தடவைக்கு உறைமோர் கிடையாது அல்லவா, அதற்குப் பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டைப் பிய்த்துப் போடுங்கள், காம்போடு கொஞ்சம் மிளகாயும் ஒட்டியிருக்கலாம். மூடி, துணி சுற்றி அடுப்பு மேடையோரம் வையுங்கள். இந்த டிசம்பர்க் குளிருக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். முதல் உறை அவ்வளவு கெட்டியாக வராது, ஒரு வாசனையும் இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள். மூன்றாவது தடவை நல்ல தயிர் வந்துவிடும்.

ஃபிரிட்ஜ் இல்லை என்றீர்கள். அதனால் 100 கிராம் கடலைக்கு மட்டும் செய்து அன்றன்றைக்கு முடித்துவிடுங்கள்.

அம்பத்தூர் அறைவாசி | டிசம்பர் 14, காலை 8.05

நொய்யல்கரை அக்கா, முதல் தடவை அடிப்பிடித்துவிட்டது. இண்டக்‌ஷனில் 800 வாட்டில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். இரண்டாம் தடவை 300-இல் வைத்துக் கூடவே நின்று கிண்டினேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்து மூடியைத் திறந்தால் மேலே கெட்டியாக ஒரு படலம், கீழே தண்ணீர் பிரிந்து நிற்கிறது. புளிப்பு இருக்கிறது, கடலை வாசம் தூக்கலாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

நொய்யல்கரை | டிசம்பர் 14, காலை 9.40

கெடவில்லை. தண்ணீர் கூடிவிட்டது, அல்லது நேரம் கூடிவிட்டது. அந்தப் படலத்தில் ஒரு கரண்டியை உறைக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை போட்டு மோராக அடித்துவிடுங்கள். அடுத்த தடவை 100 கிராம் கடலைக்கு 400 மில்லி தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். கடலை வாசத்துக்குக் கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டினால் தயிர்ச்சாதத்தில் தெரியவே தெரியாது.

கோயம்பேடு காய் | டிசம்பர் 15, மாலை 4.20

காய்கறிச் செலவைக் குறைக்க ஒன்று சொல்கிறேன். தெருக்கடையில் காலையில் வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மார்க்கெட்டுக்குப் போனால் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஊரில் இருப்பவர்கள் உழவர் சந்தையைப் பாருங்கள், வெளி விலையைவிடக் குறைவாகவே இருக்கும். இது மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி வருகிற பருவம். பச்சை மொச்சையை உரித்துக் கத்தரிக்காயோடு குழம்பு வைத்தால் வேறு எதுவும் வேண்டாம். தை பிறந்தால் பனங்கிழங்கும் வந்துவிடும்.

கீரை ஒரு கட்டு 15, 20 என்று போனாலும் முருங்கைக்கீரை அக்கம்பக்கத்தில் எங்காவது சும்மாவே கிடைக்கும். கேட்டால் ஒடித்துத் தருவார்கள்.

அறைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு இன்னொன்று. சமைக்க முடியாத நாளில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் ஆரம்பித்த விலைதான், இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். பத்து இட்லியோடு கையில் கொண்டுபோன வேர்க்கடலைத் துவையலைத் தொட்டுச் சாப்பிட்டு வேலைக்குப் போன நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

களிக்கிண்டி | டிசம்பர் 16, காலை 5.50

முருங்கைக்கீரை என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. தம்பி, கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் எளிதாக ஒட்டாது. கூடவே எலுமிச்சை பிழியுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் போகட்டும். பயறை முளைகட்டிச் சாப்பிட்டால் இன்னும் நல்லது.

பால் இல்லாமல் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரு தம்ளர் பாலில் 240 மில்லிகிராம் போல இருக்கும். 100 கிராம் கேழ்வரகில் 340-க்கு மேல். எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் 2023-லிருந்து ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். சென்னையில் நீங்கள் மாவாகவே வாங்குங்கள். ராத்திரி நாலு கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்து மூடிவையுங்கள், காலையில் லேசாகப் புளித்திருக்கும். அதைக் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டினால் பத்து நிமிடத்தில் கூழ். உங்கள் கடலை மோரை ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுங்கள். கூட எள்ளுப்பொடியும் முருங்கைக்கீரையும் இருந்தால் சுண்ணாம்புச் சத்துக்குப் பெரிய கவலை வேண்டாம்.

ஊரில் அம்மா ரேஷனில் துவரம்பருப்பு வாங்குகிறாரா? கிலோ 30 ரூபாய்தான். மாதம் ஒரு பொட்டலம் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் அறைவாசி | ஜனவரி 7, இரவு 9.55

ஒரு மாதக் கணக்கை எழுதி வைத்தேன். கேன்டீன் சாப்பாடு 260. அரிசி என் பங்கு 260. கேழ்வரகு மாவு 2 கிலோ 120, கம்பு 1 கிலோ 50. துவரம்பருப்பு அம்மா கொடுத்தது 30. பாசிப்பயறு, கொள்ளு, கருப்புக் கொண்டைக்கடலை ஒவ்வொரு கிலோ, மூன்றும் சேர்த்து 305. நிலக்கடலை 2 கிலோ 270, பாதி தயிருக்கே போய்விட்டது. மீல்மேக்கர் அரைக் கிலோ 75. எள், ஆளி விதை 100. எண்ணெய் 200. காய்கறி, கீரை 600. வாழைப்பழம், கொய்யா, நெல்லிக்காய் 250. புளி, மிளகாய், உப்பு வகையறா 150. பி12 மாத்திரை 60. மொத்தம் 2,730.

ரத்தப் பரிசோதகர் அண்ணா, டாக்டரிடம் காட்டினேன். பி12 குறைவுக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தது. இப்போதே ஆரம்பித்தது நல்லது என்றார். உங்கள் அண்ணன் மாதிரி ஞாயிறும் வியாழனும் என்று வைத்துக்கொண்டேன்.

தயிர் நான்காவது தடவை கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரி வந்தது. ஹார்மோன் என்று பயமுறுத்திய நண்பன்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமை மீல்மேக்கர் பிழிகிறான். அவன் கறி சாப்பிடுகிறான், நான் ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்த வாரம் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அம்மா நேற்று போனில் பேசினார். எல்லாம் சரி, பால் இல்லாமல் பானை எப்படிப் பொங்கும் என்று கேட்கிறார். குரல் கொஞ்சம் கம்மியது. பாதாம் பால் வாங்கிக்கொண்டு போகட்டுமா?

களிக்கிண்டி | ஜனவரி 8, காலை 5.40

காசைக் கரியாக்காதீர்கள் தம்பி. புது அரிசியைக் களையும்போது முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் பானையில் அதைத்தான் ஊற்றுவோம், மேலுக்கு ஒரு கரண்டி பால் விடுவது வழக்கம். நீங்கள் அந்த ஒரு கரண்டிக்குத் தேங்காய்ப்பால் விடுங்கள். பானையை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பி, விறகை அடுப்புக்குள் நன்றாகத் தள்ளிவிடுங்கள். வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு நாலு பக்கமும் வழியும். வெல்லப்பாகு சேர்க்கிற நேரத்தில் கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு தம்ளர் ஊற்றி, முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுத்துப் போடுங்கள். எந்தப் பக்கம் முதலில் பொங்கியது என்று அம்மாவையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் அறைவாசி | ஜனவரி 15, இரவு 8.30

கிழக்குப் பக்கம் அக்கா.